ஸ்டோர் சங்கும் ஏழு எண்ணிக்கையும்

பேட் வாசிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

பேட்டில் தட்டினால் ஒலிக்கிற எட்டு ரப்பர் கட்டத்தில் எந்தச் சத்தத்தை எதில் ஏற்றுவது, எப்படிக் கூட்டிக் குறைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போனைப் பார்த்தே படித்துக்கொள்கிறீர்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுதச் சொன்னாலும் வராது. பேட்டின் கண்ணாடியில் ஓடும் இங்கிலீஷ் எழுத்தில் ஒன்றுகூட எனக்குப் பிடிபட்டதில்லை. எட்டுக் கட்டத்துக்கும் எட்டு நிறத்தில் நகப் பாலிஷ் பொட்டு வைத்துத்தான் பதினெட்டு வருஷம் வாசித்தேன். ஒரு பொட்டும் என்னை ஏமாற்றியதில்லை.

இரத்தோட்டைப் பக்கம் எந்தத் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் போய்க் கேட்டுப் பாருங்கள். பேட் அடித்த பொம்பளை என்றால் சொல்வார்கள். பேர் சொல்ல மாட்டார்கள். முகமும் தெரியாது. பாடுகிறவர்களை எல்லோரும் பார்ப்பார்கள், கீபோர்ட்காரரைப் பாதிப் பேர் பார்ப்பார்கள். நமக்கு இடம் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால். நாதஸ்வரம், உறுமி, தப்பு, கோயில் மணி எல்லாம் நம்முடைய கையிலிருந்து போகும். சனமோ அந்தச் சத்தமெல்லாம் எங்கேயோ இருக்கிற ஆட்களிடமிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டு ஆடும். இதற்கு மனசு பழக வேண்டும். எனக்குப் பழகியதா என்று கேட்டால், பழகவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தவர் மாத்தளை டவுனில் இருந்த ஒரு கீபோர்ட்காரர். முஸ்லிம் ஆள். அண்ணன் என்கிற மாதிரி எல்லோரும் அவரை நானா என்போம். எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்கு வந்திருந்த அன்று அவருடைய பேட்காரன் வேலைக்கு வெளிநாடு போய்விட்டிருந்தான். கும்மி அடித்துக்கொண்டிருந்த பொம்பளைகளின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். என்னைக் கூப்பிட்டுப் பேட்டுக்கு முன்னால் நிறுத்தி, தட்டச் சொன்னார். கொழுந்து எடுத்த கைக்கு அது பெரிய வேலையில்லை. இரண்டு கையும் தனித்தனியாக ஓடும், கண் பார்க்கத் தேவையில்லை.

நான் நன்றாகத்தான் தட்டினேன். அவர் பேட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு கட்டத்தை மட்டும், கை வைத்திருக்கும் வரைக்கும் ஒலிக்கிற மாதிரி மாற்றிவிட்டு, கோயில் சங்கு ஊதுகிற சத்தத்தை அதில் ஏற்றி, “அமத்துங்க” என்றார். அமத்தினேன். “இப்ப எப்ப எடுக்கணும்னு நெனக்கிறீங்களோ அப்ப எடுங்க” என்றார். நான் எடுத்ததும் தலையாட்டினார்.

“அமத்துறதுக்கு ஊருக்குப் பத்துப் பேர் வருவாங்க தங்கச்சி. எனக்கு எடுக்கத் தெரிஞ்ச ஆள்தான் வேணும்.”

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில் பாதி அதுதான்.

முதல் வருஷத்திலேயே ஒரு தப்புப் பண்ணினேன். இரத்தோட்டையில் ஒரு கல்யாணம். மேளக்காரர்கள் வராததால் கெட்டிமேளமும் என் பேட்டிலிருந்துதான். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வேர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினார். நான் பந்தலின் பின்னால் நின்றேன், எனக்குத் தெரிந்தது அந்தக் கை மட்டும். தாலி கட்டப் போகிறார் என்று கெட்டிமேளத்தைப் போட்டுவிட்டேன். அவ்வளவுதான், சபையில் இருந்த அத்தனை பேரும் அட்சதையை எறிந்துவிட்டார்கள். தாலி இன்னும் தட்டில் இருந்தது. ஐயர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பெண்ணின் அத்தை ஒருத்தி, “பேட்டுக்காரி கட்டி வச்சிட்டா, மாப்பிள்ள இனிமே சும்மா உக்காரலாம்” என்றாள். சிரித்து முடித்துவிட்டு மறுபடி அரிசி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நானா திட்டவில்லை. வேனில் வரும்போது, “பார்த்தீங்களா, ஒரு ஆளாவது தாலி கட்டியாச்சான்னு பார்த்தாங்களா?” என்று மட்டும் கேட்டார். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிடித்து வைத்த சத்தத்துக்குக்கூடச் சனத்தின் கை தானாகக் கீழ்ப்படிகிறது. அதை என் கையில் இருந்த பலம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பெருமையாகவும் இருந்தது.

இனி பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாக்கியமும் நானும் ஒரே லயத்து வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பரா அறை. ஒரே மலையில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தோம். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. புருஷன் என்று ஒருவர் இருந்தார், போய்விட்டார். பாக்கியத்துக்குப் பிள்ளைகள் இருந்தும் எல்லாம் கொழும்பில். ஒருத்தி அடுப்பு மூட்டினால் மற்றவளுக்கும் சேர்த்துத்தான். நான் வாசிக்க ஆட்டத்துக்குப் போகிற சனி ஞாயிறுகளில் எனக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பாள். பெரிய சிரிப்புக்காரி. அவள் சிரித்தால் மூன்று தேயிலை நிரை தாண்டிக் கேட்கும், கங்காணி அதற்கே அவளைத் தனியாக நிறுத்துவார்.

நான் கொழுந்து வேலையிலிருந்து நிற்கப் போகிற வருஷம், தோட்டத்து ஸ்டோர் சங்கைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையின் அந்தச் சங்கு ஊதித்தான் எங்களுக்குப் பொழுது விடியும், பொழுது சாயும். நானாவிடம் சின்ன ரெக்கோடர் ஒன்றை வாங்கிக்கொண்டு, நான்கு மணிக்குப் பாக்கியமும் நானும் ஸ்டோருக்கு மேல் மேட்டில் நின்றோம். பாக்கியத்திடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சங்கு ஊதியது. நான் கையை நீட்டி ரெக்கோடரைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் நிற்கிறேன். அந்த நிலையில் என்னைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. சங்கு ஓய்ந்து வருகிற நேரத்தில் சிரித்துவிட்டாள்.

“என்னாடி, சங்குக்கே போன் போட்டுட்டியா? போதும்டி, காது போச்சு.”

அதுவும் சேர்ந்து பதிந்துவிட்டது.

மறுநாள் மறுபடி பிடித்திருக்கலாம். பிடித்தும் பார்த்தேன். ஆனால் முதல் நாள் மலையில் மோதித் திரும்பி வந்த அந்த எதிரொலி மறுபடி கிடைக்கவில்லை. அதனால் சிரிப்பு ஒட்டியிருந்த அதையே ஏழாவது கட்டத்தில் ஏற்றினோம், பச்சைப் பொட்டு. மனதுக்குள் ஏழு எண்ணிக் கையை எடுத்துவிட்டால் சங்கு மட்டும் போகும். எட்டாவது எண்ணிக்கையில் சிரிப்பு தொடங்கிவிடும். ஒருநாளும் நான் எட்டுக்குப் போனதில்லை. பாக்கியத்துக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். “என் சிரிப்ப மட்டும் அமுக்கி வச்சிருக்கியே, நான் என்னா உன் மாமியாளா?” என்பாள்.

அந்த வருஷம் தைப்பொங்கலுக்கு எங்கள் தோட்டத்துக் கோயில் மைதானத்திலேயே ஆட்டம். ஒரு வேகப் பாட்டு முடிகிற இடத்தில், யாரிடமும் சொல்லாமல் சங்கைப் போட்டேன். முன்னால் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி தலையில் கூடை இருக்கிறதா என்று தடவினாள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி ஒரு சிரிப்பு அந்த மைதானத்தில் அதற்கு முன் கேட்டதில்லை. நான் பெட்டிக்குப் பின்னால் தனியாக நின்று அதைக் கேட்டேன்.

மறு வருஷம் அவர்களே “சங்கு, சங்கு” என்று கேட்டார்கள். போட்டேன். சிரித்தார்கள், கை தட்டினார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. அதைக் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. பிள்ளைகளே, இந்த ஒரு இடத்தைத் திரும்பிப் படியுங்கள். ஒரு சத்தம் செத்துப்போவதை நான் நேரில் பார்த்தும், அதைக் கைதட்டல் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் நான் லயத்துக் காம்பராவை விட்டுவிட்டு மாத்தளைப் பக்கம் பலாபத்வலவில் ரோட்டோரமாக ஒரு அறைக்கு வந்துவிட்டேன். ஆட்டங்களுக்குப் போகவர லேசு என்று காரணம் சொன்னேன். பாக்கியம் தடுக்கவில்லை. சாமான் ஏற்றும்போது மட்டும், “பஸ்சு சத்தத்தப் பிடிச்சு வச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டு இரு” என்றாள்.

மூன்றாவது வருஷம் மார்கழியில் விடாத மழை. ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் இரண்டு மூன்று இடத்தில் மண் சரிந்திருந்தது. அரசாங்க ஆபீஸ்காரர்கள் எங்கள் தோட்டத்துக்கும் வந்து மேல் லயத்துக்குப் பின்னால் உள்ள வெடிப்பைப் பார்த்து, ஒரு ஏற்பாடு சொல்லிவிட்டுப் போனார்களாம். ஸ்டோரில் காவலுக்கு ஒரு ஆள். மலையில் ஏதாவது அசைந்தால் சங்கை விடாமல் ஊதுவான். ஊதினால் எல்லோரும் எதையும் எடுக்காமல் மேட்டுப் பாடசாலைக்கு ஏறிவிட வேண்டும்.

பொங்கலுக்கு முதல் வாரம் தோட்டத்துத் தலைவர் என்னைத் தேடிப் பலாபத்வலவுக்கே வந்தார். நல்ல மனுஷன், என்னைவிட இளையவர். ஏற்பாட்டை எல்லாம் சொல்லிவிட்டு, “அதனால இந்த வருஷம் அந்தச் சங்கு மட்டும் வேணாம் மரகதக்கா” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சனம் கேட்டு வாங்குகிற ஒரே ஒரு சாமான் என்னிடம் அதுதான்.

“ஏன் தலைவரே, ஸ்டோர் சங்கு எது, என் சங்கு எதுன்னு நம்ம சனத்துக்குத் தெரியாதா? அவங்க காது என்ன செவுட்டுக் காதா?”

அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். “நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்க்கா” என்று எழுந்து போய்விட்டார்.

பொங்கலன்று மழை விட்டு வெயில் அடித்தது. லீவு நாள், ஸ்டோரில் வேலைச் சங்கு கிடையாது. நான்கைந்து நாளைக்குப் பிறகு வந்த வெயில் என்பதால் சனமெல்லாம் மைதானத்துக்கு வந்துவிட்டது. நான் முதலில் பாக்கியத்தைப் பார்க்கப் போனேன். அவள் காம்பரா மேல் லயத்தின் கடைசி. கால் வீங்கிப் படுத்திருந்தாள். நாலு அடி நகரலாமே தவிர, அந்தக் காலை வைத்துக்கொண்டு அவளால் ஓடையைத் தாண்டி மைதானத்துக்கு வர முடியாது. நான்தான் பிளேன்டீ ஊற்றினேன்.

“சங்கு உண்டாடி?”

“தலைவர் வேணாங்குறாரு.”

“அவரு கெடக்குறாரு. லயத்துல எல்லாரும் அங்க வந்துருவாங்க, நான் ஒருத்திதான் மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும். ஒரு பெட்டிய இந்தப் பக்கமாத் திருப்பி வையி. சங்கப் போடு. இன்னிக்கு மட்டும் கைய எடுக்காத. என் சிரிப்ப நானே கேட்டுட்டுப் படுக்குறேன்.”

சரி என்றேன். உண்மையில் சரி என்று சொன்னேன், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போய் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை லயத்தைப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னேன்.

மூன்று மணிக்குத் தொடங்கினோம். அரை மணி போனதும் சனம் சங்கைப் போடச் சொன்னது. தலைவர் முன் வரிசையில் இருந்தார். அவரைப் பார்க்காமல் அமத்தினேன். ஏழு எண்ணினேன். எட்டுக்கு விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எண்ணினேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் ஒரு சாமானைப் பிசிறோடு விடக் கை சம்மதிக்கவில்லை. எடுத்துவிட்டேன். சனம் கை தட்டியது. பாக்கியத்திடம் பிறகு திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இன்னும் ஒரு இருபது நிமிஷம் இருக்கும். மெதுவான பாட்டு ஒன்று. என் வலது கை தப்புக் கட்டத்தில், இடது கை சும்மா இருந்தது. அப்போது சங்கு கேட்டது.

சனம் சிரித்தது. நானா கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பாட்டில் போய்ப் போடுகிறீர்களே என்ற கோபம் இருந்தது. நானுமே என் கையைத்தான் குனிந்து பார்த்தேன். பச்சைப் பொட்டின் மேல் கை இல்லை. சத்தம் நிற்கவும் இல்லை. என்னை அறியாமல் எண்ணியிருக்கிறேன். ஏழு போனது, எட்டு போனது, பத்து போனது. சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் இது என்னுடையது இல்லை என்று உடம்புக்குத் தெரிந்தது.

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். நான் இல்லை, பாருங்கள் என்று. ஒருவரும் பார்க்கவில்லை. பேட்காரியை யார் பார்ப்பார்கள். பாட்டுக்காரப் பெண் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். சில பேர் எனக்கென்று கையும் தட்டினார்கள்.

மைக்கைப் பிடுங்கிக் கத்தலாம் என்றுதான் முதலில் ஓடினேன். இரண்டு எட்டு வைத்ததும் நின்றுவிட்டேன். அந்த மைக்கும் அதே பெட்டி வழியாகத்தான் பேசும். மூன்று வருஷமாகச் சங்கு என்று அவர்களை ஏமாற்றியது அந்தப் பெட்டிதான். மண் வருகிறது, ஓடுங்கள் என்று அதில் நான் சொன்னால், இதுவும் சேர்த்து ஒரு வேடிக்கை என்று இன்னும் பலமாகச் சிரிப்பார்கள். அவர்கள் நம்ப வேண்டுமென்றால் பெட்டி வாயை மூட வேண்டும்.

மேடைக்குப் பின்னால் கோயில் சுவரில் மெயின் சுவிட்ச். போய் இழுத்துவிட்டேன்.

பாட்டு செத்தது. கீபோர்ட் செத்தது. பாட்டுக்காரியின் குரல் தனியாகக் கொஞ்சம் ஓடி நின்றது. அந்த அமைதியில் சங்கு மட்டும் ஊதிக்கொண்டே இருந்தது, மேடைப் பக்கம் இல்லை, ஸ்டோர்ப் பக்கமிருந்து. சனத்தின் முகத்தில் சிரிப்பு இறங்கியதை நான் பார்த்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்டோரைப் பார்த்தார்கள். பிறகு, சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார்கள்.

“அது நான் இல்ல” என்றேன். கத்தவில்லை. அத்தனை பேருக்கும் கேட்டது.

தலைவர் எழுந்து பாடசாலைப் பக்கம் கையைக் காட்டினார். சனம் ஏறத் தொடங்கியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு, ஒருவரை ஒருவர் மிதிக்காமல் ஏறினார்கள். ஒரு ஆளுக்குக்கூடக் கீறல் இல்லை.

இதுவரைக்கும் நடந்ததைத்தான் ஊரில் சொல்வார்கள். அதற்காக எனக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள். இனிச் சொல்வதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சனம் ஏறிக்கொண்டிருந்தபோது சுவிட்ச் என் கையிலேயே இருந்தது. அதை மறுபடி மேலே தள்ள எவ்வளவு நேரம்? தள்ளிவிட்டு, மைக்கில் பாக்கியம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். லயத்தைப் பார்த்துத் திருப்பி வைத்த பெட்டி அங்கேதான் இருந்தது, நான் வைக்கச் சொன்ன பெட்டி. நான் செய்யவில்லை. பெட்டி பேசினால் சனம் மறுபடி திரும்பிவிடும் என்று பயந்தேன் என்று எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது முழு உண்மை இல்லை. பதினேழு வருஷத்தில் அன்றைக்குத்தான் ஒரு மைதானம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் சொன்னதைக் கேட்டு அத்தனை பேரும் ஏறினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். கொஞ்ச நேரம்தான். ஒரு பாட்டில் பல்லவி போகிற நேரம். அந்த நேரத்தில் எனக்குப் பாக்கியம் நினைவிலேயே இல்லை.

நினைவு வந்ததும் ஓடினேன். ஓடைப் பாலத்தில் இரண்டு பேர் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். அங்கே நின்றபடிதான் பார்த்தேன். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஆள் உட்கார்கிற மாதிரி மலை உட்கார்ந்தது. மேல் லயத்தின் கடைசிப் பக்கம் மண்ணுக்குள் போனது. மற்றக் காம்பராக்களில் ஆள் இல்லை, எல்லோரும் பொங்கலுக்கு வந்திருந்தார்கள்.

இருட்டுவதற்குள் அவளைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே நசுங்கியிருந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிள்ளைகள் வந்து வந்து போனார்கள். நான் பலாபத்வலவிலிருந்து தினம் முதல் பஸ்சில் போய், வார்டிலிருந்து போகச் சொல்லும்வரை இருப்பேன். அவள் அதிகம் பேசவில்லை. ஒருநாள் மத்தியானம், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, அவளாகச் சொன்னாள்.

“மொதல்ல போட்டப்ப ஏழுல எடுத்துட்ட பாரு, எனக்குக் கோவம் வந்துச்சு. ரெண்டாவது போட்டப்ப நீளமாப் போச்சு. சரி, பாட்டையெல்லாம் நிறுத்திப்புட்டு நம்மளுக்காக இவ அமத்திக்கிட்டு இருக்கான்னு நெனச்சேன். காது குடுத்துக்கிட்டே படுத்திருந்தேன்.”

கையில் இருந்த சுளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சிரிப்பு வரவே இல்லையேடி” என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறதா, தெரியாமல் சொல்கிறாளா என்று அந்த முகத்தில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. இங்கிலீஷ் எழுத்துத்தான் எனக்குப் படிக்க வராது என்று நினைத்திருந்தேன். ஒரு சுளையை அவள் வாயில் வைத்தேன். தின்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதிலிருந்து மூன்றாம் நாள் போய்விட்டாள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு பேட்டைத் தூக்கிக்கொண்டு நானா வீட்டுக்குப் போனேன். பச்சைப் பொட்டில் இருக்கிறதை அழித்துத் தாருங்கள் என்றேன். நானாவுக்கு விஷயம் பாதி தெரியும். பேட்டை வாங்கி மேசையில் வைத்தார்.

“சங்க வெட்டிட்டு, சிரிப்ப மட்டும் வேற கட்டத்துல வச்சித் தாரேன் தங்கச்சி. கம்பியூட்டர்ல அஞ்சு நிமிஷ வேல.”

வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இன்றைக்குக் கொஞ்சம் தெரிகிறது. அந்தச் சிரிப்பு வெளியே கேட்டுவிடக் கூடாது என்று மூன்று வருஷம் விரலுக்குக் கீழ் அமுக்கி வைத்திருந்தவள் நான். அவள் கேட்டபோது கொடுக்கவில்லை. இப்போது எனக்குத் தனியாக இருக்கிறது என்பதற்காக எடுத்து வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? அதோடு, சங்கு இல்லாமல் அந்தச் சிரிப்பு எதைப் பார்த்துச் சிரிக்கும்?

“ஒருக்காக் கேட்டுட்டு அழிப்பமா?” என்றார் நானா.

அமத்தினேன். ஏழு போனது. கையை எடுக்கவில்லை. எட்டில் அவள் சிரித்தாள். சங்குக்கே போன் போட்டுட்டியா என்று கேட்டாள். போதும்டி என்றாள். பிறகு வெறும் காற்று கொஞ்சம். அதுவும் நின்றதும் கையை எடுத்தேன். நானா எதையோ இரண்டு முறை தட்டினார். அவ்வளவுதான்.

பிள்ளைகளே, நீங்கள் எல்லாச் சத்தத்தையும் பிடிப்பீர்கள். குயில், ரயில், குழந்தை அழுகிறது, எதையும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் அப்படித்தான் வாசித்தேன். ஆனால் ஒரு ஊர் எந்தச் சத்தத்தைக் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டுமோ, அதை மட்டும் தொடாதீர்கள். அதை நீங்கள் ஒருமுறை வேடிக்கைக்குப் போட்டால் சனம் எழுந்திருக்கும். இரண்டாம் முறை சிரிக்கும். மூன்றாம் முறைக்குள் அதை நீங்கள் கொன்றிருப்பீர்கள். பொறுப்பில் இருக்கிறவர் யாராவது வீடு தேடி வந்து வேண்டாம் என்று சொன்னால், அவர் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிடுங்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் வாசித்தேன். போதும் என்று பட்டது, நின்றுவிட்டேன். பேட்டை இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையில் இருக்கிறது. ரோட்டில் பஸ் குறைகிற மத்தியான நேரத்தில் அதைப் போட்டு, கை மறந்துவிடாமல் இருக்க எட்டுக் கட்டத்தையும் ஒரு முறை தொட்டு வருவேன். மணி, உறுமி, தப்பு எல்லாம் அந்தச் சின்ன அறையில் வந்து போகும். பச்சைப் பொட்டில் ஒன்றும் இல்லை. அமத்தினால் ஒரு சிவப்பு விளக்கு எரியும், சத்தம் வராது. வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனம் எண்ணத் தொடங்கிவிடுகிறது. ஏழு வந்ததும் கை தானாக எடுத்துவிடுகிறது.